சிறுநீர்த் தாரை மெலிந்தால் அடைப்பா, பலவீனமா? சிறுநீர்ப்பைப் பரிசோதனைகள் சொல்வதும் சொல்லாததும்

சிறுநீர் மெதுவாக வருகிறது, போய்விட்டு வந்த பிறகும் மிச்சம் இருப்பது போலவே இருக்கிறது என்று மருத்துவரிடம் போகும் ஒருவருக்கு முதலில் ஸ்கேன் எழுதுவார்கள். அடுத்து, சிறுநீர் வரும் வேகத்தை அளக்கும் யூரோஃப்ளோமெட்ரி. சில வாரம் கழித்து, டியூப் போட்டுப் பைக்குள் அழுத்தத்தை அளக்கும் யூரோடைனமிக்ஸ். ஸ்கேனிலேயே எல்லாம் தெரிந்திருக்குமே, எதற்கு டியூப் போட்டு வேறு பார்க்க வேண்டும் என்று கேட்பது நியாயமான கேள்விதான்.

ஸ்கேன் உறுப்பின் வடிவத்தையும் அளவையும் காட்டும். அந்த உறுப்பு எப்படி வேலை செய்கிறது என்பது அதில் தெரியாது. ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பி பெரிதாக இருந்தும் தடையில்லாமல் சிறுநீர் கழிப்பவர்கள் உண்டு. சிறிய புராஸ்டேட்டே வழியை நெருக்கிவிடுவதும் உண்டு. வேலையை அளப்பதற்கென்று தனிப் பரிசோதனைகள் இருக்கின்றன. அவற்றிலும் ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்கு விடை சொல்லிவிட்டு அடுத்த கேள்வியை மிச்சம் வைக்கும். அதனால்தான் படிப்படியாகப் போகிறார்கள்.

## சிறுநீர்ப்பை செய்யும் இரண்டு வேலைகள்

உள்ளே அழுத்தம் ஏறாமல் சேர்த்து வைப்பது ஒன்று. நேரம் வரும்போது முழுதாக வெளியேற்றுவது மற்றொன்று. பெரியவர்களின் சிறுநீர்ப்பை பொதுவாக 400 முதல் 500 மி.லி. வரை பிடிக்கும். 150–200 மி.லி. சேர்ந்ததும் முதல் உணர்வு லேசாக வரும்.

பையின் சுவர் டிட்ரூசர் என்ற தசையால் ஆனது. பையின் கழுத்தில் நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாத உள் சுருக்குத்தசை இருக்கிறது. அதற்குக் கீழே, நாமே இறுக்கிப் பிடிக்கக்கூடிய வெளிச் சுருக்குத்தசை. சேர்க்கும் நேரத்தில் டிட்ரூசர் தளர்ந்தும் சுருக்குத்தசைகள் இறுகியும் இருக்க வேண்டும்; கழிக்கும் நேரத்தில் அப்படியே தலைகீழ். டிட்ரூசரைச் சுருங்கச் செய்யும் கட்டளை முதுகுத்தண்டின் கீழ்க்கோடியிலுள்ள சாக்ரல் 2, 3, 4 நரம்புகள் வழியாக வருகிறது. ஒன்று சுருங்கும்போது மற்றது தளர வேண்டும் என்ற ஒத்திசைவைப் பார்த்துக்கொள்வது மூளைத்தண்டிலுள்ள பான்ஸ் பகுதி. முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்குச் சிறுநீர்ப் பிரச்சினை ஏன் வருகிறது என்பதற்கு விளக்கம் இந்த நீண்ட கம்பி இணைப்புதான்.

இதிலிருந்து கோளாறுகள் நான்கே வகை என்று ஆகிறது:

1. சேர்க்கும்போது பை அமைதியாக இருக்கவில்லை. இடையிலேயே சுருங்குகிறது, அல்லது சுவர் விறைத்துப் போய் விரிய மறுக்கிறது.
2. சேர்க்கும்போது வாய் சரியாக மூடவில்லை. இருமினால், தும்மினால், பாரம் தூக்கினால் கசிகிறது.
3. கழிக்கும்போது பை போதுமான அளவு சுருங்கவில்லை.
4. கழிக்கும்போது வழி திறக்கவில்லை. புராஸ்டேட், தழும்பால் வந்த சுருக்கம், தளராத சுருக்குத்தசை என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம்.

ஒருவரிடமே இரண்டு மூன்று சேர்ந்திருப்பது சாதாரணம். பல வருடம் அடைப்பை எதிர்த்துத் தள்ளிய பை, பிறகு அடங்காத பையாகவும் மாறுவதுண்டு. மேலே சொன்ன மெல்லிய தாரைக்கு மூன்றாவதும் காரணமாகலாம், நான்காவதும் காரணமாகலாம். சிகிச்சைகளோ முற்றிலும் வேறு.

## முதல் படி: நோட்டும் அளவுக் கோப்பையும்

எந்த இயந்திரமும் இல்லாத பரிசோதனை, சிறுநீர் டைரி. மூன்று நாட்கள், ஒவ்வொரு முறையும் எத்தனை மணிக்கு, எத்தனை மி.லி., அவசரம் இருந்ததா, கசிந்ததா, என்ன குடித்தீர்கள் என்று எழுதுவது. சலிப்பான வேலை என்று பலரும் மூன்றாம் நாள் மாலை உட்கார்ந்து ஞாபகத்தில் எழுதுவார்கள். எல்லா வரியிலும் 200, 200, 200 என்று வந்தால் படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

ஒழுங்காக எழுதிய டைரி சில சமயம் மற்ற பரிசோதனைகளையே தேவையில்லாமல் ஆக்கிவிடும். ஒருவர் இரவில் நான்கு முறை எழுந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். படுத்த பிறகு கழித்ததையும் காலையில் எழுந்ததும் முதலில் கழித்ததையும் கூட்டினால் 800 மி.லி.; நாள் முழுவதற்கும் 1,900 மி.லி. இரவின் பங்கு 42 சதவீதம். வயதானவர்களில் இது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், இரவில் சிறுநீரகம் அதிகமாகச் சுரக்கிறது என்று பொருள். பைக்குக் கொடுக்கும் மாத்திரை இவருக்குப் பெரிதாக உதவாது. கால் வீக்கம், தூக்கத்தில் மூச்சுத் தடை, மாலையில் குடிக்கும் அளவு, நீர் பிரியும் மாத்திரையை எந்த நேரத்தில் போடுகிறார் என்ற பக்கம் பார்க்க வேண்டும்.

இதோடு சாதாரண சிறுநீர்ப் பரிசோதனையும் கட்டாயம். கிருமித் தொற்று இருக்கும்போது பையின் நடத்தையை அளந்தால் அளப்பது தொற்றின் நடத்தையைத்தான். தொற்றோடு டியூப் போட்டால் கிருமி ரத்தத்துக்குப் போகும் அபாயமும் உண்டு. சிகிச்சை முடிந்த பிறகே மேற்கொண்டு போவார்கள்.

## இரண்டாம் படி: ஓட்டத்தின் வேகம்

யூரோஃப்ளோமெட்ரியில் வலியோ ஊசியோ இல்லை. தனியறையில், வழக்கமாகக் கழிப்பது போலவே ஒரு புனலில் கழிக்க வேண்டும். கீழே உள்ள பாத்திரத்தின் எடை நொடிக்கு நொடி எவ்வளவு கூடுகிறது என்பதை எடை உணரி பார்த்து, வேகத்தைக் கோடாக வரையும். சில கருவிகளில் எடை உணரிக்குப் பதில் சுழலும் தட்டு இருக்கும்.

ஆரோக்கியமான கோடு கோயில் மணியின் வடிவில் இருக்கும்: சட்டென்று ஏறி, உச்சம் தொட்டு, இறங்கும். உச்சத்தை க்யூமேக்ஸ் என்பார்கள். ஆண்களுக்கு நொடிக்கு 15 மி.லி.க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. 10-க்குக் கீழே இருந்தால் சந்தேகம். நடுவில் இருப்பது நடுவில்தான். பெண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் குட்டையானது, அதனால் அவர்களின் வேகம் பொதுவாக இதைவிடக் கூடுதல். மணி வடிவம் போய் தட்டையான மேடு போல நீண்டால் தழும்பினால் வந்த சுருக்கம் இருக்கலாம். விட்டுவிட்டு வரும் கோடு, வயிற்றை முக்கிக் கழிப்பதைக் காட்டலாம்.

இதில் தவறு நடக்கும் இடங்கள்:

1. அளவு போதாமை. 150 மி.லி.க்குக் குறைவாகக் கழித்தால் எண்ணுக்கு மதிப்பு குறைவு. பாதி நிரம்பிய பையால் முழு வேகம் காட்ட முடியாது.
2. அளவு மீறுதல். அடக்கி அடக்கி 700 மி.லி. சேர்த்துக்கொண்டு போனாலும் வேகம் விழும். அளவுக்கு மேல் இழுத்த ரப்பர் போலத் தசை வலுவிழக்கும்.
3. பொய்யான உச்சம். தாரை புனலின் சுவரிலிருந்து நடுவுக்கு நகர்ந்தாலும், புனலில் கால் பட்டாலும், ஊசி போலக் கூரான உச்சம் பதிவாகும். கருவி அதையே க்யூமேக்ஸ் என்று அச்சடித்துவிடும். இரண்டு நொடிகூட நிற்காத உச்சத்தை ஒதுக்கிவிட்டு மீதிக் கோட்டைக் கண்ணால் படிக்க வேண்டும்.
4. கூச்சம். கதவுக்கு வெளியே ஆள் நிற்கிறார் என்றாலே சிலருக்கு வராது. ஒரே பதிவை வைத்து முடிவு செய்யாமல் மறுபடி எடுப்பது நல்லது. "வழக்கமாக வீட்டில் வருவது போல வந்ததா?" என்று கேட்காமல் எழுதிய ரிப்போர்ட்டை அரை ரிப்போர்ட் என்றுதான் சொல்ல வேண்டும்.

வேகம் குறைவு என்பது இப்போது உறுதி. ஏன் குறைவு என்று மட்டும் இந்தக் கருவிக்குத் தெரியாது. தண்ணீர்க் குழாயில் ஓட்டம் குறைந்தால் குழாய் அடைத்திருக்கலாம், மோட்டார் பழுதாகவும் இருக்கலாம். வாளியில் விழும் நீரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இரண்டையும் பிரிக்க முடியாது.

## மிச்சம் எவ்வளவு?

கழித்து முடித்த உடனே பையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்ப்பதுதான் ரிப்போர்ட்டில் வரும் பி.வி.ஆர். ஸ்கேனில் பையின் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் செ.மீ.யில் அளந்து பெருக்கி, 0.52-ஆல் பெருக்குவார்கள். 8 × 6 × 5 செ.மீ. என்றால் ஏறக்குறைய 125 மி.லி. பையின் வடிவம் கச்சிதமான முட்டை வடிவம் அல்ல என்பதால் இது மதிப்பீடு மட்டுமே. 50 மி.லி.க்குள் இருந்தால் நிம்மதி. திரும்பத் திரும்ப 200-ஐத் தாண்டினால் காரணம் தேட வேண்டும்.

அநாவசியக் கலவரம் அதிகம் உண்டாவது இந்த எண்ணால்தான். வயிற்று ஸ்கேனுக்கு வருபவரிடம் ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு உட்காருங்கள் என்கிறார்கள். முறை வர ஒன்றரை மணி நேரம் ஆகிறது. அதற்குள் பை 650 மி.லி. தொட்டுவிட்டது, அவர் நெளிகிறார். ஸ்கேன் முடிந்ததும் அவசரமாக ஓடிப்போய் கழித்துவிட்டு வந்து படுக்கிறார். மிச்சம் 180 மி.லி. என்று பதிவாகிறது. அளவுக்கு மேல் விரிந்த தசை ஒரே தடவையில் முழுவதையும் தள்ளாது என்பது தவிர இதில் நோய் எதுவும் இல்லாமலிருக்கலாம். கழித்த பிறகு இருபது நிமிடம் கழித்து அளந்தாலும் இதே கதைதான்: அதற்குள் புதிதாகச் சிறுநீர் வந்து சேர்ந்திருக்கும்.

ஆகவே பி.வி.ஆர். அதிகம் என்றால் முதலில் செய்ய வேண்டியது, வழக்கமான அளவு நிரம்பியபோது கழிக்கச் சொல்லி உடனே மறுபடி அளப்பது. இரண்டாவது தடவையும் அதே எண் வந்தால் அப்போது நம்பலாம். அப்போதும் மிச்சம் அடைப்பாலா, பலவீனத்தாலா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

## மூன்றாம் படி: அழுத்தத்தை அளத்தல்

மோட்டார் எவ்வளவு வலுவாகத் தள்ளுகிறது என்று தெரிய வேண்டுமானால் பைக்குள் அழுத்தத்தை அளந்தே ஆக வேண்டும். யூரோடைனமிக்ஸ் என்று பொதுவாகச் சொல்லும் பரிசோதனையின் மையம் இதுதான்.

சிறுநீர்ப்பைக்குள் ஒரு டியூப் போடுவது புரிகிறது. மலக்குடலில் இன்னொன்று எதற்கு என்பது பலருக்கும் எழும் சந்தேகம். சிறுநீர்ப்பை வயிற்றுக்குள் இருக்கிறது. இருமினாலும் சிரித்தாலும் முக்கினாலும் வயிற்றின் அழுத்தம் பைக்குள்ளும் பதிவாகும். பையின் தசை தானே உண்டாக்கும் அழுத்தம் மட்டும் வேண்டுமென்றால் வயிற்றின் பங்கைக் கழிக்க வேண்டும். அந்தப் பங்கை மலக்குடல் டியூப் காட்டுகிறது. பெண்களுக்குச் சில சமயம் யோனி வழியாகவும் வைப்பார்கள்.

டிட்ரூசர் அழுத்தம் = சிறுநீர்ப்பை அழுத்தம் − வயிற்று அழுத்தம்

திரையில் இந்த மூன்றும் மூன்று கோடுகளாக ஓடும். மூன்றாவது கோட்டை யாரும் நேரடியாக அளப்பதில்லை, அது கணக்கில் வருவது. முதல் இரண்டில் எது பிசகினாலும் மூன்றாவது பொய் சொல்லும்.

நடக்கும் வரிசை இது:

1. முதலில் டியூப் இல்லாமல் ஒரு யூரோஃப்ளோமெட்ரி. பிறகு மிச்சத்தை வடித்து அளப்பார்கள்.
2. பைக்குள் கதீட்டர் என்ற மெல்லிய டியூப், பெரும்பாலும் 6 அல்லது 7 ஃப்ரெஞ்ச், அதாவது சுமார் 2 மி.மீ. தடிமன். அதில் இரண்டு துளைப்பாதை: ஒன்றில் சலைன் போகும், மற்றதில் அழுத்தம் பதிவாகும்.
3. டிரான்ஸ்டியூசர்கள் என்ற அழுத்த உணரிகளை வெளிக்காற்றுக்குத் திறந்து பூஜ்ஜியம் வைப்பது. அவை இருக்க வேண்டிய உயரம் இடுப்பு முன்னெலும்பின் மேல் விளிம்பு.
4. நோயாளியை இருமச் சொல்லி இரண்டு கோடுகளும் சமமாக எழுகின்றனவா என்று பார்ப்பது.
5. சலைனை மெதுவாக ஏற்றுவது. பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 50 மி.லி. அளவில் ஏற்றுவது வழக்கம். நரம்புக் கோளாறு உள்ளவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இன்னும் மெதுவாக. வேகமாக ஏற்றினால் அமைதியான பைகூடச் சீறும்.
6. முதல் உணர்வு, கழிக்கத் தோன்றும் உணர்வு, இனி தாங்காது என்ற உணர்வு மூன்றும் எத்தனை மி.லி.யில் வந்தன என்று குறிப்பது. நடுநடுவே இருமச் சொல்வார்கள்.
7. நிரம்பியதும் டியூப் உள்ளே இருக்கும்போதே புனலில் கழிக்கச் சொல்லி, அழுத்தத்தையும் வேகத்தையும் சேர்த்துப் பதிவு செய்வது.

நிரப்பும் கட்டத்தில் முக்கியமாகப் பார்ப்பவை மூன்று. இடையில் தானாகச் சுருங்கினால் டிட்ரூசர் கோடு அலை அலையாக எழும். அதே நொடியில் நோயாளி "அவசரமாக வருகிறது" என்றால் அவருடைய நோய் திரையில் அகப்பட்டுவிட்டது. அலை இல்லாமல் இருமும் கணத்திலேயே கசிந்தால் வாயின் பலவீனம். சில சமயம் இருமல் முடிந்து சில நொடி கழித்துக் கசியும்: இருமல் தூண்டிவிட்ட சுருக்கம் அது. நோயாளி இரண்டையும் ஒரே மாதிரி "இருமினால் போகிறது" என்றுதான் சொல்வார். ஒன்றுக்கு அறுவை சிகிச்சை பலன் தரும், மற்றதற்குத் தராது.

மூன்றாவது, சுவரின் நெகிழ்வு. 300 மி.லி. ஏறும்போது டிட்ரூசர் அழுத்தம் 5 செ.மீ. நீர் அளவே கூடினால் (அழுத்தத்தை நீர்த்தூணின் உயரமாகச் சொல்வது வழக்கம்), 300-ஐ 5-ஆல் வகுக்க நெகிழ்வு 60. பை ஆரோக்கியமாக விரிகிறது. அதே 300-க்கு 30 செ.மீ. கூடினால் நெகிழ்வு 10 மட்டும். இந்த விறைப்பு சிறுநீரகத்துக்கே ஆபத்து. 1981-இல் மருத்துவர் மெக்வயரும் அவர் சகாக்களும் முதுகுத்தண்டுக் குறைபாட்டோடு பிறந்த குழந்தைகளிடம் செய்த ஆய்வில், 40 செ.மீ. அழுத்தத்தைத் தாண்டிய பிறகே கசிந்தவர்களுக்கு மேல்பகுதிச் சிறுநீர்ப் பாதை கெட்டுப்போவது அதிகம் என்று தெரிந்தது. அந்த 40 இன்றைக்கும் எச்சரிக்கைக் கோடு. இந்த நோயாளிக்கு வலி எதுவும் தெரியாது, அளந்தால்தான் தெரியும்.

## ஒரே வேகம், இரண்டு முடிவுகள்

இப்போது முதல் கேள்விக்குத் திரும்பலாம். இரண்டு ஆண்கள், இருவருக்கும் க்யூமேக்ஸ் நொடிக்கு 8 மி.லி. அந்த உச்ச வேக நேரத்தில் முதலாமவரின் டிட்ரூசர் அழுத்தம் 85 செ.மீ., இரண்டாமவருடையது 22.

ஆண்களுக்கான இரண்டு கணக்குகள்:

- அடைப்பு எண் = டிட்ரூசர் அழுத்தம் − (2 × வேகம்). 40-க்கு மேல் அடைப்பு, 20-க்குக் கீழ் அடைப்பில்லை, இடையில் சந்தேகம்.
- சுருங்கும் வலு எண் = டிட்ரூசர் அழுத்தம் + (5 × வேகம்). 100-க்குக் கீழ் பலவீனம். 100 முதல் 150 இயல்பு.

முதலாமவர்: 85 − 16 = 69; 85 + 40 = 125. நல்ல மோட்டார், அடைத்த குழாய். இரண்டாமவர்: 22 − 16 = 6; 22 + 40 = 62. திறந்த குழாய், ஓய்ந்த மோட்டார்.

முதலாமவருக்குப் புராஸ்டேட் அறுவை சிகிச்சை செய்தால் தாரை திரும்ப நல்ல வாய்ப்பு. இரண்டாமவருக்கு அதையே செய்தால் பெரிதாக எதுவும் மாறாமல் போகலாம். மிச்சம் அதிகமாகத் தேங்கினால் சுத்தமான கதீட்டரை அவரே போட்டு வடித்துக்கொள்ளும் முறைதான் அவருக்கு வழியாக இருக்கலாம். வாளியில் விழுந்த நீரில் இருவருக்கும் வித்தியாசமே இல்லை. பெண்களுக்கு இந்த எண்களை அப்படியே பொருத்தக் கூடாது; அவர்கள் மிகக் குறைந்த அழுத்தத்திலேயே முழுதாகக் கழித்துவிடுவார்கள்.

சுருக்குத்தசை தளராமல் இருக்கிறதா என்று பார்க்க, தோலில் ஒட்டும் மின்முனைகளால் தசையின் மின்னோட்டத்தையும் பதிவு செய்வதுண்டு. சலைனுக்குப் பதில் எக்ஸ்ரேயில் தெரியும் திரவத்தை ஏற்றினால் சிறுநீர் சிறுநீரகத்தை நோக்கித் திரும்பி ஏறுகிறதா என்பதும் தெரியும்.

## கோடுகள் பொய் சொல்லும் விதம்

- இருமும்போது சிறுநீர்ப்பைக் கோடு மட்டும் குட்டையாக எழுந்தால், டியூபில் காற்றுக் குமிழ் நிற்கிறது அல்லது டியூப் எங்கோ மடங்கியிருக்கிறது. சில மி.லி. சலைன் தள்ளிக் குமிழை வெளியேற்றி மறுபடி இருமச் சொல்ல வேண்டும்.
- மலக்குடல் தானாகச் சுருங்கினால் வயிற்றுக் கோடு ஏறும், சிறுநீர்ப்பைக் கோடு ஏறாது. ஒன்றிலிருந்து மற்றதைக் கணக்கில் கழிக்கும்போது டிட்ரூசர் கோடு பள்ளத்தில் விழும். பள்ளத்திலிருந்து அது மேலே வருவதைப் பையின் சுருக்கம் என்று படித்துவிடுவது புதியவர்கள் செய்யும் தவறு. உயிருள்ள தசையால் பூஜ்ஜியத்துக்குக் கீழே அழுத்தம் உண்டாக்க முடியாது. கோடு எதிர்மறையில் ஓடினால் கோளாறு அளவீட்டில்தான்.
- டியூபை உள்ளே போட்ட பிறகு காட்டும் அழுத்தத்தையே பூஜ்ஜியம் என்று வைத்துவிடுவது. உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டு கோடுகளும் 15 முதல் 40 செ.மீ. வரை காட்டுவதுதான் இயல்பு. ரிப்போர்ட்டின் தொடக்கத்தில் இரண்டும் 0 என்று இருந்தால் சந்தேகப்பட வேண்டும்.
- கழிக்கும்போது தாரையோடு டியூபும் வெளியே வந்துவிடுவது. சிறுநீர்ப்பைக் கோடு திடீரெனச் சரியும். கழித்து முடித்ததும் ஒருமுறை இருமச் சொல்லியிருந்தால் இது அங்கேயே தெரிந்திருக்கும்.

சிறுநீரைக் கட்டுப்படுத்துவதில் வரும் கோளாறுகளுக்கான சர்வதேசக் கன்டினென்ஸ் சங்கம் 2002-இல் வெளியிட்ட நல்ல யூரோடைனமிக்ஸ் நெறிமுறைகள் இத்தகைய பிழைகளைப் பரிசோதனை நடக்கும்போதே திருத்த வேண்டும் என்று வலியுறுத்துகின்றன. முடிந்த பிறகு கோட்டைச் சரிசெய்ய வழியில்லை.

## எல்லோருக்கும் தேவையா?

தேவையில்லை என்பதற்குச் சான்று உண்டு. இருமும்போது மட்டும் கசியும், வேறு சிக்கலில்லாத 630 பெண்களிடம் அமெரிக்காவில் நடந்து 2012-இல் வெளிவந்த ஆய்வில், அறுவைக்கு முன் யூரோடைனமிக்ஸ் செய்தவர்களுக்கும் மருத்துவரின் நேரடிப் பரிசோதனையோடு போனவர்களுக்கும் ஓராண்டுக்குப் பின் பலன் கிட்டத்தட்ட ஒன்றுதான்: 76.9 சதவீதம், 77.2 சதவீதம். இங்கிலாந்தில் 26 மருத்துவமனைகளில் 820 ஆண்களிடம் நடந்த ஆய்வில், எல்லோருக்கும் இதைச் செய்வதால் புராஸ்டேட் அறுவைகளின் விகிதம் குறையவில்லை.

ஆனால் முதுகுத்தண்டுக் காயம், பிறவி முதுகுத்தண்டுக் குறைபாடு, முன்பு செய்த அறுவை பலனளிக்காமை, சொல்லும் தொந்தரவும் எளிய பரிசோதனைகளும் ஒத்துப்போகாத நிலை ஆகியவற்றில் இதைத் தவிர்த்துவிட்டு அறுவைக்குப் போவது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது போலத்தான். "இந்த முடிவு எப்படி வந்தால் சிகிச்சை எப்படி மாறும்?" என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்கலாம். மாறாது என்றால் டியூபும் தேவையில்லை.

## போகும் முன்னும் வந்த பின்னும்

மலம் கழித்துவிட்டுப் போவது நல்லது. நிறைந்த மலக்குடல் வயிற்றுக் கோட்டை மழுங்கடிக்கும். முதலில் ஓட்டத்தை அளப்பார்கள் என்பதால் சிறுநீர் ஓரளவு நிரம்பியிருக்கட்டும், நெளியும் அளவுக்கு வேண்டாம். பைக்கான மாத்திரைகளை நிறுத்த வேண்டுமா என்பதை முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். சில சமயம் மாத்திரையோடேயே அளப்பதுதான் நோக்கமாக இருக்கும். மொத்தம் அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகலாம். கசிந்துவிடுமோ என்று அடக்க வேண்டியதில்லை, கசிவதைப் பார்க்கத்தான் அங்கே கூப்பிட்டிருக்கிறார்கள்.

முதுகுத்தண்டில் மார்பு 6-ஆம் மட்டத்திலோ அதற்கு மேலோ காயம் உள்ளவர்கள் அதைக் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பை நிரம்பும்போது இவர்களுக்கு ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு எகிறலாம். மண்டையைப் பிளக்கும் தலைவலியும், முகம் சிவந்து வியர்ப்பதும் அறிகுறிகள். உடனே சலைனை நிறுத்தி, பையைக் காலி செய்து, உட்கார வைப்பார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒன்றிரண்டு நாள் எரிச்சலும், சிறுநீரில் லேசான இளஞ்சிவப்பும் இருக்கலாம். தண்ணீர் குடித்தால் அடங்கும். காய்ச்சலும் குளிரும், ரத்தக் கட்டிகள், சிறுநீரே போக முடியாமை என்று மூன்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். கடைசியாகச் சொன்னது இரவில் வந்தால் விடியும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது.